பேனாக்கத்தி அளவு

வைகை எக்ஸ்பிரஸ் திண்டுக்கல்லைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. நிலையத்தில் வாங்கிய ஆயக்குடிக் கொய்யா மடியில் இருந்தது. பையிலிருந்து கத்தியை எடுத்துக் கட்டைவிரலால் ஒரு தள்ளு தள்ளினேன். டக்கென்ற சத்தத்தோடு அலகு வெளியே வந்து பூட்டிக்கொண்டது. எதிரே இருந்த சின்னப் பெண் அம்மாவின் முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மதுரையிலிருந்து தன் மகனின் வேலையைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்த பெரியவர் பேச்சை நிறுத்தினார். கொய்யாவைக் கீற்றுப் போட்டு எல்லோரிடமும் நீட்டினேன். "இருக்கட்டும் சார், நீங்க சாப்பிடுங்க" என்றார் அவர். திருச்சி வரும்வரை அந்த மூலையில் யாரும் யாரோடும் பேசவில்லை.

கத்தி நல்ல கத்தி. நான்கு அங்குல அலகு, கறுப்புப் பூச்சு, ஒரே கையால் திறக்கலாம். வாங்குவதற்கு முன் பல வாரம் யோசித்திருந்தேன். அந்த யோசனையில் வந்த காட்சிகள் எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கின்றன. நள்ளிரவில் கவிழ்ந்த காரில் சீட் பெல்ட்டை அறுப்பது, மலையில் வழி தவறிச் சுள்ளி வெட்டுவது, வெள்ளத்தில் கயிற்றைத் துண்டிப்பது. எல்லாக் காட்சியிலும் நான் மட்டுமே இருந்தேன். பக்கத்தில் ஓர் ஆளும் இல்லை. அதைக் கவனிக்க எனக்கு வெகுகாலம் ஆயிற்று. என்னிடம் இருந்த இரண்டு வருடத்தில் அந்தக் கத்தி வெட்டியதெல்லாம் கூரியர் உறைகளும் கொய்யாவும்தான்.

ரயிலில் இருந்தவர்கள் பயந்ததில் தவறில்லை. நம் ஊரில் ‘கத்தி’ என்ற சொல் செய்தித்தாளின் மூன்றாம் பக்கத்தில்தான் அதிகம் வருகிறது. பட்டாக்கத்தியால் பிறந்தநாள் கேக் வெட்டிக் கைதான இளைஞர்களின் படத்தை அடிக்கடி பார்க்கிறோம். அந்தப் படங்களைப் பார்த்த கண்ணுக்கு, பெட்டிக்குள் டக்கென்று திறந்த அலகு வேறு எப்படித் தெரியும்?

என் அப்பா சட்டைப்பையில் வைத்திருந்த கத்தியைக் கண்டு யாரும் பயந்ததில்லை. அவர் ஓவிய ஆசிரியர். பென்சில் சீவியைத் தொடமாட்டார். அது முனையைக் குட்டையாகச் சீவி, உள்ளே ஈயத்தையும் முறித்துவிடும் என்பார். நிழல் தீட்டுகிற பென்சிலுக்கு ஈயம் அரை அங்குலமாவது வெளியே நீண்டிருக்க வேண்டும். அதற்குக் கத்திதான் சரி. வகுப்பில் பிள்ளைகள் பென்சிலோடு வரிசையில் நிற்பார்கள். அவர் பேசிக்கொண்டே சீவுவார். மரச்சீவல் சுருள் சுருளாகக் காலடியில் விழும். அந்தக் கத்தியை அவர் பேனாக்கத்தி என்றுதான் சொல்வார். எங்கள் ஊரில் எல்லோருமே அப்படித்தான் சொன்னார்கள்.

பேனாவுக்கும் கத்திக்கும் என்ன உறவு என்று சிறுவயதில் நான் கேட்டதில்லை. பிறகு தெரிந்துகொண்டேன். இறகால் எழுதிய காலத்தில் முனை அடிக்கடி மழுங்கும், பிளக்கும். எழுதுகிறவன் பக்கத்தில் ஒரு சிறு கத்தி எப்போதும் வேண்டியிருந்தது. இறகு போய் இரும்பு நிப்பு வந்த பிறகும் பெயர் கத்தியோடு ஒட்டிக்கொண்டது.

இது ஐரோப்பியர் கதை மட்டுமில்லை. ஓலையில் எழுதிய நம்மவருக்கும் இதே தேவை இருந்தது. பனையோலையை ஈர்க்கு நீக்கி, ஓரம் சீர்செய்து, ஒரே அளவாக வார வேண்டும், பிறகுதான் எழுத்து. உ.வே. சாமிநாதையர் ‘என் சரித்திரம்’ நூலில் எழுத்தாணி வகைகளைச் சொல்லும்போது மடக்கெழுத்தாணியைப் பற்றியும் சொல்கிறார். ஒரே பிடிக்குள் ஒரு பக்கம் ஓலை வாரும் கத்தி, மறுபக்கம் எழுத்தாணி. வேலை முடிந்தால் இரண்டையும் மடக்கி வைத்துக்கொள்ளலாம். இதைப் படித்த அன்று எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி கொஞ்சமல்ல. ஏட்டுச் சுவடியோடு நடந்த நம் முன்னோர் இடுப்பிலும் ஒரு மடக்குக்கத்தி இருந்திருக்கிறது. அது எழுதப் படிக்கத் தெரிந்தவனின் அடையாளமாக இருந்திருக்கிறது.

பெண்களிடமும் ஒன்று இருந்தது. என் பாட்டியின் சுருக்குப்பையில் வெற்றிலை, சுண்ணாம்புடன் பாக்குவெட்டியும் இருக்கும். வீட்டின் பெரிய அலகு அரிவாள்மனை. அது தரையில் உட்கார்ந்திருக்கும். காய்தான் அதனிடம் போகும். வீட்டை விட்டு வெளியே போனது பாக்குவெட்டிதான்.

இதையெல்லாம் யோசித்த பிறகு, என் நான்கு அங்குலக் கத்தியை அலமாரியில் வைத்துவிட்டு, 58 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு விக்டோரினாக்ஸ் கத்தியைச் சாவிக்கொத்தில் மாட்டினேன். ஒன்றரை அங்குலத்துக்குள் அடங்கும் அலகு, ஒரு குட்டிக் கத்தரிக்கோல், நகம் தேய்க்கும் அரம், முள் எடுக்கும் கிடுக்கி. ஒரு மாதம் அதை எதற்கெல்லாம் எடுக்கிறேன் என்று நாட்குறிப்பில் எழுதிவந்தேன். பால் பாக்கெட் முனை. சட்டைக் காலரில் தொங்கிய நூல். பூக்காரம்மா கொடுத்த பந்திலிருந்து ஒரு முழம் மல்லிகை. மாத்திரை அட்டையைப் பாதியாக வெட்ட. பக்கத்து வீட்டுத் தம்பியின் உள்ளங்காலில் கருவேல முள். பார்சல் டேப், மறுபடி பார்சல் டேப். அலுவலகத்தில் ஒருவருடைய புதுச் செருப்பின் விலைச்சீட்டு. பேருந்தில் ஆரஞ்சு. பாகற்கொடியைப் பந்தலில் கட்டக் கயிறு. மாதம் முடிந்து படித்துப் பார்த்தபோது, இரண்டு அங்குலத்துக்கு மேல் அலகு கேட்ட வேலை ஒன்றுகூட அதில் இல்லை. இன்னொன்றும் கண்ணில் பட்டது: பாதிக்கு மேல் என் வேலையே இல்லை, மற்றவர்கள் கேட்டு வந்தவை.

இந்த விக்டோரினாக்ஸ் கத்தியின் மூலக்கதையும் எனக்குப் பிடிக்கும். கார்ல் எல்ஸ்னர் 1884இல் சுவிட்சர்லாந்தின் இபாக் என்ற ஊரில் கத்திப் பட்டறை தொடங்கினார். 1891இல் தன் நாட்டு ராணுவத்துக்குக் கத்தி கொடுத்தார். அது சண்டைக்கான கத்தி அல்ல. சாப்பாட்டுத் தகர டப்பாவைத் திறக்கவும், துப்பாக்கியைச் சுத்தம் செய்யத் திருகாணியைக் கழற்றவும் வேண்டிய கருவி. அது கொஞ்சம் கனம் என்று தோன்றியதால், அலகை நிறுத்திப் பிடிக்கும் ஒரே முதுகுவில்லின் இருபுறமும் கருவிகளைப் பொருத்தி எடை குறைந்த ஒன்றை உருவாக்கி, 1897 ஜூன் 12இல் பதிவுசெய்தார். ஒரு ராணுவமே தன் வீரனின் பைக்குள் போட்டது டப்பா திறக்கும் கத்தியை. கவிழ்ந்த காரையும் காட்டையும் நினைத்து நான்கு அங்குலம் வாங்கிய எனக்கு, இதைப் படித்தபோது நெஞ்சில் எங்கோ ஓர் இறுக்கம் தளர்ந்தது.

பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஓபினெல் 1890 முதல் செய்த கத்தி இன்னொரு விதம். மரப்பிடி, ஓர் அலகு, அவ்வளவுதான். அதையே பன்னிரண்டு அளவில் செய்து எண் போட்டார். 6ஆம் எண்ணுக்கு 7 சென்டிமீட்டர் அலகு. 8ஆம் எண்ணுக்கு எட்டரை. பெரியது சிறந்தது, சிறியது மட்டம் என்ற பேச்சே அதில் இல்லை. அவரவர் கைக்கும் வேலைக்கும் ஏற்ற எண், செருப்பு வாங்குவது போல. விருந்தினர் வந்தால் என் வீட்டில் ரொட்டியும் பழமும் வெட்டுவது ஒரு 6ஆம் எண். கைக்குள் அடங்கி இருக்கிறது, மரத்தின் இதமான தொடுதலோடு.

பெரியதிருந்தால் சின்ன வேலையும் பார்க்குமே என்று நண்பர்கள் கேட்பார்கள். பார்க்காது. முள் எடுக்கும்போதும் தையல் பிரிக்கும்போதும் விரல் நுனிக்கும் அலகு நுனிக்கும் இடையே தூரம் இருக்கக்கூடாது. தூரம் கூடக்கூடக் கை தடுமாறும். அதைவிட முக்கியம், கனமான கத்தியை நாம் வீட்டில் வைத்துவிட்டுப் போய்விடுவோம். நான் அப்படித்தான் செய்தேன். அலமாரியில் கிடக்கும் கத்தியை வைத்துத் தெருவில் நூல் அறுக்க முடியாது.

சின்னக் கத்தியால் முடியாதவை நிறைய உண்டு. தேங்காய், பரங்கிக்காய், வேப்பங்கிளை. அதனால் என்ன? இளநீர்க் கடைக்காரர் கையில் அரிவாள் இருக்கிறது. அவருடைய ஒரு வீச்சு என் பத்து வீச்சுக்குச் சமம். பனையேறியிடம் பாளை அரிவாள். பூசணியைப் பத்தையாகப் போடக் காய்கறிக் கடையில் ஒரு நீள அலகு. ஊரில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கத்தி இருக்கிறது, அதைப் பிடிக்கத் தெரிந்த கையும் இருக்கிறது. எல்லாவற்றையும் நானே சுமக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு எப்படி வந்தது என்று யோசித்திருக்கிறேன். மனிதர்கள் இல்லாத இடத்தில் என்னை வைத்துப் பார்த்ததால் வந்தது. அந்த எண்ணம் போன பிறகு கத்தி சின்னதாயிற்று, பையும் சின்னதாயிற்று. இப்போது பயணத்துக்குப் பெட்டி கட்டும்போதுகூட, ‘இதை அங்கே யாரிடம் கேட்கலாம்?’ என்றுதான் முதலில் நினைக்கிறேன். கேட்பதில் எனக்குக் கூச்சம் இருந்தது. நானும் கொடுக்க ஆரம்பித்த பிறகு அது குறைந்தது.

பெரிய கத்திக்கும் சின்னக் கத்திக்கும் உள்ள வித்தியாசத்தைச் சட்டமும் உணர்ந்திருக்கிறது. நம் நாட்டு ஆயுத விதிகள் கத்திகளில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளையே ஆயுதமாகப் பட்டியலிடுகின்றன. வீட்டுக்கும் வயலுக்கும் ஆனவற்றை அப்போதும் விலக்கிவிடுகின்றன. பொது இடத்தில் கத்தி வைத்திருப்பதை மிகக் கடுமையாகப் பார்க்கும் பிரிட்டனில்கூட, பூட்டிக்கொள்ளாத, 3 அங்குலத்துக்கு மேற்படாத மடக்குக்கத்திக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

பூட்டு இல்லாதது குறை என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தேன். பூட்டில்லாத கத்தியில் முதுகுவில்தான் அலகை நிறுத்துகிறது. குத்தினாலோ நெம்பினாலோ அது விரல்மேல் மடங்கும். ஆகவே இழுத்துத்தான் அறுக்க வேண்டும், பொறுமையாக. கூர் போனால் இது நடக்காது. தெருவில் சாணை பிடிக்கிறவர் வந்த காலத்தில் அரிவாள்மனையோடு அப்பாவின் பேனாக்கத்தியையும் கொடுப்போம். சக்கரத்தில் பொறி பறக்கும். குட்டி அலகு ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தேய்ந்து வரும். இப்போது என் கத்திக்கு நானே கூர் வைக்கிறேன். பீங்கான் கோப்பையைக் கவிழ்த்தால் அடியில் மெருகு பூசாத வட்டம் இருக்கும். அதில் ஈரம் தொட்டு, அலகைக் கிட்டத்தட்டப் படுக்கவைத்து, இந்தப் பக்கம் பத்து, அந்தப் பக்கம் பத்து. சாயங்காலக் காபி ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

என் அம்மா கத்தியை யாரிடமிருந்தும் கையில் வாங்கமாட்டாள். கையில் கொடுத்தால் சண்டை வரும் என்பது நம்பிக்கை. அப்பா நீட்டினால், "கீழ வைங்க, எடுத்துக்கிறேன்" என்பாள். அவர் ஒருநாள் கத்தியை மடக்கி, அலகு தெரியாமல், உள்ளங்கையில் வைத்து நீட்டினார். அம்மா ஒரு கணம் யோசித்துவிட்டு வாங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவர்களுக்குள் அதுவே வழக்கமாயிற்று. ஆயுத பூஜை அன்று அப்பாவின் தூரிகைகள், வண்ணப் பெட்டி பக்கத்தில் அந்தப் பேனாக்கத்தியும் இருக்கும். சந்தனப் பொட்டு வைக்க இடம் போதாமல், அம்மா குங்குமத்தை மட்டும் தீக்குச்சி முனையால் தொட்டு வைப்பாள்.

சென்ற ஆண்டு ராமேசுவரம் பாசஞ்சரில் போனேன். அரிவாளுக்குப் பேர்போன திருப்பாச்சேத்தியில் ஒருவர் ஏறினார். சாக்கில் சுற்றி, கயிறு போட்டுக் கட்டிய நான்கைந்து புது அரிவாள்கள். இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டு உட்கார்ந்தார். யாரும் காலைக்கூட நகர்த்தவில்லை. கருவேலங்காட்டுக்கும் வயலுக்கும் போகிற அரிவாள் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வைகை எக்ஸ்பிரஸில் என் கத்தி எதற்கு என்று யாருக்கும் தெரியவில்லை, எனக்கே தெரியவில்லை.

மானாமதுரை தாண்டியதும் பக்கத்திலிருந்த அம்மாள் கூடையிலிருந்து மாங்காய் ஒன்றை எடுத்தார். முந்தானை முடிச்சில் உப்பும் மிளகாய்த்தூளும் இருந்தன. நான் சற்று முன் பொட்டலம் பிரித்ததைப் பார்த்திருக்க வேண்டும்.

"தம்பி, அந்தக் கத்தியக் கொஞ்சம் குடுங்க."

மடக்கிக் கொடுத்தேன். அலகைத் திறக்கும் நகக்குறியில் அவர் நகம் ஏறவில்லை. வாங்கித் திறந்து, பலகைமேல் வைத்தேன். எடுத்துக்கொண்டார். சின்ன அலகால் மாங்காயைச் சுற்றிச் சுற்றிக் கீறி, கீற்றுக் கீற்றாக நெம்பாமல் பெயர்த்தார். எனக்கொன்று, அரிவாள்காரருக்கொன்று, எதிரே இருந்த பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்று. பிறகு அலகை முந்தானையில் இருபக்கமும் துடைத்தார். மடக்கப் பார்த்தார்; விரல்களுக்கு வலு இல்லை. திறந்தபடியே பலகைமேல், வெட்டும் பக்கம் தன்னைப் பார்த்திருக்குமாறு வைத்து, பிடியை என் பக்கம் நகர்த்தினார்.

"எடுத்துக்குங்க தம்பி."