இருபத்தொன்பது இலக்கமும் எஞ்சி நிற்கும் ஒன்றும்



மனிதப் பிறவி அரிது என்று நாம் நாள்தோறும் கேட்கின்றோம். எத்துணை அரிது என்று எண்ணிப் பார்த்தோர் நம்முள் சிலரே. நம் ஆசாரியர்களோ அதனையும் எண்ணிக் காட்டியுள்ளனர்.

பத்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த நேமிசந்திர சித்தாந்த சக்கரவர்த்தி, கோம்மடசாரம் ஜீவகாண்டத்தில், பர்யாப்த மனிதர்களின் தொகை இரண்டின் ஐந்தாம் வர்க்கத்தினுடைய கனம் என்று அருளினார். இரண்டின் வர்க்கம் 4. அதன் வர்க்கம் 16. தொடர்ந்து 256, 65536. ஐந்தாவதாக வருவது 4294967296. இதனை மும்முறை வைத்துப் பெருக்கினால் 79228162514264337593543950336 கிட்டும். இருபத்தொன்பது இலக்கங்கள்!

இதனைக் கண்டு மலைக்க வேண்டா. இஃது எண்ணுக்கு அடங்கும் சங்கியாதமே. நிகோத உயிர்களோ அனந்தம். முடிவிலாத் தொகையின்முன் எப்பேரெண்ணும் சிறிதே. அந்தச் சிறு தொகையினுள் ஒருவராய், ஜினதருமம் கேட்கும் செவியோடு நாம் பிறந்துள்ளோம்.

இப்பிறவியை எங்ஙனம் பயன்கொள்வது? இவ்வெண்ணின் இயல்பையே நோக்குவோம். இதில் இரண்டைத் தவிர வேறு பகா எண் கலக்கவில்லை. தொண்ணூற்றாறு இரண்டுகளைப் பெருக்கினால் வருவது இதுவே. இதன் காரணிகளுள் இதனை ஒழித்து ஏனைய யாவற்றையும், 1, 2, 4, 8 என முறையே கூட்டிச் சென்றால், முடிவில் கிடைப்பது இவ்வெண்ணுக்கு ஒன்று குறைவாகவே நிற்கும். 16 என்னும் சிற்றெண்ணில் பாருங்கள்: 1, 2, 4, 8 கூட்டினால் 15.

நம் வாழ்வும் அத்தகையதன்றோ? நிலம், பொன், மனை, சுற்றம், இவ்வுடல் என அனைத்தையும் கூட்டினாலும் ஒன்று குறைகின்றது. அந்த ஒன்றே ஆன்மா என நாம் நெஞ்சிற் கொள்வோம். சேர்ப்பதனால் அது நிரம்புவதில்லை.

விடுவதனால் கிட்டுமோ? ஓர் எண்ணை எத்தனை முறை பாதியாக்கலாம் என்பதனை அர்த்தச்சேதம் என்று வீரசேனாசாரியரின் தவளா உரை விளக்குகின்றது. இன்றைய பள்ளிக் கணிதம் அதனை, இரண்டை அடிமானமாகக் கொண்ட மடக்கை என்னும். நம் எண்ணின் அர்த்தச்சேதம் 96. பாதி, பாதியிற் பாதி எனத் தொண்ணூற்றாறு முறை குறைத்தால், மீதம் சிறிதுமின்றி ஒன்றே எஞ்சும். கூட்டியபோது கைக்கு எட்டாத ஒன்று, குறைத்தபோது தானே வெளிப்படுகின்றது!

தசலட்சண பருவத்தின் ஒன்பதாம் நாளில் நாம் போற்றும் உத்தம ஆகிஞ்சன்யம் இதுவே. இல்லறத்தார் அனைத்தையும் ஒருங்கே துறத்தல் இயலாது. ஆயினும் பரிக்கிரக பரிமாண அணுவிரதம் நமக்கு உரியதே. இதற்குமேல் வேண்டா என இன்று ஒரு பொருளுக்கேனும் எல்லை வகுப்போம். அது முதற் பாதி.

இன்று மாலை நம் பிள்ளைகளை அருகிருத்தி இவ்வெண்ணைத் தாளில் எழுதிப் பாதியாக்கச் சொல்வோம். அவர்கள் ஒன்றை அடையும்போது, நாம் எதனைக் குறைத்தோம் என்று அவர்கள் கேட்பின், சொல்வதற்கு நம்மிடம் ஒரு விடை இருத்தல் வேண்டும்.

அறம் வளர்க!