கதையில் பெயரில்லாத பிள்ளை

நெய்வேலியில் வழக்கமாக ஜூன், ஜூலை வந்தால் வட்டம் 11 லிக்னைட் ஹால் வளாகத்தில் புத்தகக் கண்காட்சி களைகட்டும். ஷிப்ட் முடித்து வந்தவர்கள், பிள்ளைகளைக் கையில் பிடித்து வந்தவர்கள் என்று கூட்டம் அலைமோதும். அங்கே விற்கும் நாவல்களில் ஒரு வகை உண்டு. மாற்றுத்திறனாளிக் குழந்தையை வளர்க்கும் குடும்பத்தின் கதை. படித்தவர் "ரெண்டு இடத்துல அழுதுட்டேன்" என்பார், பாராட்டாகத்தான். அந்த அழுகை யாருக்காக?

பெரும்பாலும் பெற்றோருக்காக. அம்மா வேலையை விடுகிறாள், அப்பா குடியை விடுகிறார், பிரிந்திருந்த தாத்தா வந்து சேர்கிறார். பிள்ளை அவர்களைச் செதுக்கும் உளியாகி விடுகிறது. அதற்கு எந்தக் குழம்பு பிடிக்கும், எதற்கு முரண்டு பிடிக்கும், யாரைக் கண்டால் ஓடி ஒளியும் என்று கடைசிப் பக்கம் வரை தெரியாது. ஒருவருடைய வாழ்க்கையை இன்னொருவர் பக்குவப்படுவதற்காகச் செலவழிப்பது நியாயமா?

பெர்ல் பக் 1931இல் எழுதிய 'த குட் எர்த்' நாவலில் வாங் லுங்கின் மூத்த மகள் மனவளர்ச்சி குன்றியவள். அவளுக்குக் கடைசிவரை பெயரே கிடையாது. பக்கின் சொந்த மகளும் அப்படிப்பட்ட குழந்தைதான்; அவளைப் பராமரிக்கும் செலவுக்காகவும்தான் பக் எழுதிச் சம்பாதித்தார். மகளைப் பற்றி வெளிப்படையாக எழுத அவருக்கு 1950 வரை ஆனது. இதைக் குற்றம் என்று சொல்ல நாக்கு எழாது. ஆர்தர் மில்லரின் கதை வேறு. டவுன் சிண்ட்ரோமுடன் 1966இல் பிறந்த மகனை அவர் விடுதியில் விட்டார். 1987இல் வந்த அவருடைய தன்வரலாற்றில் அந்த மகன் இல்லவே இல்லை. சம்மதம் சொல்லத் தெரியாத பிள்ளையின் அந்தரங்கத்தை எழுதலாமா என்ற தயக்கம் மதிக்கத் தக்கது. ஆனால் அப்படி ஒரு பிள்ளையே பிறக்காதது போல எழுதுவது தயக்கம் ஆகாது.

ஜப்பானின் கென்சாபுரோ ஓயேவுக்கு 1963இல் மூளைக் கோளாறுடன் மகன் பிறந்தான். மறு வருடமே வந்த நாவலில், அப்பன் அந்தக் குழந்தை செத்துப் போகட்டும் என்று காத்திருக்கிறான். அசாத்திய நேர்மை. ஆனாலும் அதில் குழந்தை, தலையில் கட்டுப்போட்ட ஒரு பிரச்சினைதான். 1983இல் அவர் எழுதிய இன்னொரு நாவலில் மகன் வளர்ந்துவிட்டான். வீட்டில் ஈயோர் என்று செல்லப்பெயர். விடுதியில் தங்கிவிட்டு வந்தவனைச் சாப்பிடக் கூப்பிடுகிறார்கள். வரமாட்டேன் என்கிறான். அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தம்பிக்குத்தான் விளங்குகிறது. சொந்தப் பெயரான ஹிகாரி என்று கூப்பிட்டதும் எழுந்து வருகிறான். அந்த இடத்தில் வாசகருக்கு அழுகை வராது. இத்தனை பக்கம் நாமும் அவனைச் செல்லப்பெயரிலேயே நினைத்துக்கொண்டிருந்தோமே என்று உறைக்கும். படிப்பதற்கு நியாயம் இருக்கிறதென்றால் அந்த உறைப்பில்தான் இருக்கிறது. தமிழில் எஸ். பாலபாரதியின் 'துலக்கம்' ஆட்டிசம் உள்ள சிறுவனை மையமாக வைத்து எழுதப்பட்டது. அந்த வரிசையில் தேடிப் படிக்க வேண்டியது.

பெரும்பாலான நாவல்கள் பிள்ளைக்குப் பத்து வயது ஆவதற்குள் முடிந்துவிடுகின்றன. வாழ்க்கை அங்கே முடிவதில்லை. நெய்வேலியில் சிறப்புக் குழந்தைகளுக்கு ஸ்நேகா பள்ளி இருக்கிறது, பழுப்பு நிலக்கரி நிறுவனமான என்.எல்.சி.யின் ஆஸ்பத்திரி இருக்கிறது, பக்கத்து குவார்ட்டர்ஸ்காரர்களுக்குப் பிள்ளையைத் தெரியும். ஆனால் என்.எல்.சி.யில் வேலை பார்க்கும் அப்பாவுக்கு 60 வயதானால் ஓய்வு. நிறுவனத்தின் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். பிள்ளைக்கு அப்போது வயது முப்பதைத் தொட்டிருக்கும். பழகிய தெரு, பழகிய கடை, பெயர் சொல்லிக் கூப்பிடும் முகங்கள் எல்லாம் ஒரே நாளில் போய்விடும். "எங்களுக்கு அப்புறம் யாரு?" என்று பெற்றோர் கேட்பது அப்போதுதான் உரக்கக் கேட்கும். ஆட்டிசம், மூளை முடக்குவாதம் போன்றவை உள்ளவர்களுக்கு 18 வயதுக்குப் பிறகும் சட்டப்படி பாதுகாவலரை நியமிக்க 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வழி செய்கிறது. மாவட்ட ஆட்சியர் இருக்கும் உள்ளூர்க் குழுவிடம் மனு கொடுக்க வேண்டும். கையெழுத்துப் போடத்தான் ஆள் கிடைப்பார். வடலூரிலோ கடலூரிலோ புதுத் தெருவில் அந்தப் பிள்ளையோடு யார் பேசுவார்?

வீடு மாறும் அந்த நாளை, பெற்றோரின் கண் வழியாக அல்லாமல் அந்த முப்பது வயதுப் பிள்ளையின் கண் வழியாகச் சொல்லும் நாவல் தமிழுக்கு வேண்டும். நெய்வேலியில் வாழ்ந்தவர் யாராவது அதை எழுத வேண்டும்.