வருகைப் பதிவேடு

சங்கரன்கோயிலில் கோமதியம்மன் சந்நிதிக்கு வெளியே உட்கார்ந்திருந்தபோது, உள்ளூர் நண்பர் ஒருவர் என்னிடம் ஒரு யோசனை கேட்டார். நாவல் எழுதுகிறவனிடம் கேட்கக் கூடாத யோசனை. கதையில் வருகிறவர்களின் மனச்சாட்சியோடுதான் எனக்குப் பழக்கம்.

அவருக்கு வயது நாற்பத்து மூன்று. விசைத்தறித் துணி வியாபாரி ஒருவரிடம் கணக்குப்பிள்ளை. பாக்கி வழக்குகளுக்காக முன்சீப் கோர்ட்டுக்கு அலைந்து அலைந்து, சட்டம் படிக்கும் ஆசை பிடித்துவிட்டது. அதைவிடப் பழைய காரணம் ஒன்றும் உண்டு. அவருடைய தாயார் இன்னதென்று தெரியாமலே ஒரு பத்திரத்தில் கைநாட்டு வைத்துக் கிணற்றுப் பங்கை இழந்தவர்.

"பி.ஏ. முடிச்சிருக்கேன் அண்ணாச்சி. வெளியூர்க் காலேஜ் ஒண்ணுல சேத்துக்கிடுதோம்னு சொல்லுதாங்க. பரீட்சைக்கு மட்டும் வந்தாப் போதுமாம். வருகைப் பதிவை அவங்களே பாத்துக்கிடுவாங்களாம். இதுல தப்பு உண்டுமா?"

ஆடித்தபசில் அம்பாளே நேரில் வந்துதான் நிற்கிறாள், பதிலுக்கு ஆள் அனுப்புவதில்லை என்று வேடிக்கையாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

பார் கவுன்சில் 2008-இல் வகுத்த விதிகளின்படி, சட்ட வகுப்புகள் காலை 8 மணிக்கும் மாலை 7 மணிக்கும் இடையில்தான் நடக்க வேண்டும். ஒவ்வொரு பாடத்திலும் நூற்றுக்கு எழுபது வருகை வேண்டும். முன்பு பல நகரங்களில் மாலை வகுப்புகள் இருந்தன. வக்கீல் படிப்பு ஒப்புக்கு நடக்கிறது என்ற குறையால் அவற்றை மூடினார்கள். அந்தக் குறை பொய் என்று நான் சொல்ல மாட்டேன். மூன்றாண்டுப் படிப்புக்கு முப்பது வயது என்று வைத்த வரம்புக்கு 2017-இல் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. வயதுக்குக் கதவு திறந்தது; வயிற்றுக்குத் திறக்கவில்லை. திருநெல்வேலியில் 1996 முதல் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். ஆனால் அங்கே வகுப்பு நடக்கும் வேளையில் இவர் இங்கே பேரேட்டின் முன் உட்கார்ந்திருக்க வேண்டும்.

சர் டி. முத்துசாமி ஐயரை நினைத்துக்கொண்டேன். சிறு வயதில் மாதம் ஒரு ரூபாய்ச் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர். முப்பத்தைந்து வயதைக் கடந்த பிறகு, சென்னையில் மாஜிஸ்திரேட்டு உத்தியோகம் பார்த்துக்கொண்டே பி.எல். பட்டம் பெற்றார். பிறகு சென்னை ஹைகோர்ட்டின் முதல் இந்திய நீதிபதியானார். இன்றைய விதி அன்று இருந்திருந்தால் என்ன செய்திருப்பாரோ!

ஆகவே, 'விதியே அநியாயமானது, அதை ஏமாற்றினால் பாவமில்லை' என்று சொல்லிவிட நாக்குத் துடித்தது. அதைச் சொல்ல நான் தகுந்த ஆள்தான். என் முதல் நாவலில் பாதியை ஆபீஸ் நேரத்தில், ஆபீஸ் காகிதத்தில் எழுதியவன் நான். அந்தக் காகிதத்தின் விலையை இன்றுவரை யாருக்கும் திருப்பிக் கொடுக்கவில்லை.

இருந்தும் சொல்ல முடியவில்லை. நான் திருடியது காகிதம். யாரும் அதை நம்பி ஏமாறவில்லை. இவர் பெயருக்கு எதிரே யாரோ போடப்போகும் கையெழுத்தையோ, நாளைக்கு ஒரு கிழவி நம்பப்போகிறாள். இவர் படித்த வக்கீல் என்று எண்ணித்தானே தன் பத்திரத்தை எடுத்துக்கொண்டு வருவாள்?

"ஒங்க அம்மா கைநாட்டு வச்ச பத்திரத்தை எழுதினது யாரு?" என்று கேட்டேன்.

அவர் வெகுநேரம் பேசவில்லை. பூக்காரி கடையைக் கட்டும்வரை உட்கார்ந்திருந்தோம்.

போன வாரம் கடிதம் எழுதியிருந்தார். பகலில் திருநெல்வேலிக்குப் போய்ப் படிப்பதாகவும், இரவில் வந்து கணக்கு எழுதுவதாகவும், பாதிச் சம்பளம் தந்தால் போதுமென்றும் முதலாளியிடம் கேட்டிருக்கிறாராம். மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. முதலாளியும் இன்னும் பதில் சொல்லவில்லை. விண்ணப்பம் கொடுக்கப் பத்து நாள்தான் பாக்கி.