அட்டோன்

'அட்டோன்' என்ற ஆங்கில வினைக்கு அகராதிகள் பிராயச்சித்தம் செய், பரிகாரம் தேடு என்று பொருள் தருகின்றன. அந்தச் சொல் பிறந்தது 'அட்', 'ஒன்' என்ற இரண்டு எளிய சொற்களின் சேர்க்கையில். ஒன்றாயிருத்தல், அவ்வளவுதான். 'ஒன்' பின்னாளில் 'வன்' என்று திரிந்துவிட, 'அலோன்', 'அட்டோன்' இரண்டும் பழைய ஒலியிலேயே நின்றுவிட்டன. அதனால் காதுக்கு அந்த உறவு பிடிபடுவதில்லை.

1526-இல் வில்லியம் டிண்டேல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து அச்சிட்ட புதிய ஏற்பாட்டில் இதன் பெயர்ச்சொல் இருக்கிறது. ரோமர் 5:11-இல் அந்த இடத்தில் நம் தமிழ் வேதாகமம் 'ஒப்புரவாகுதல்' என்கிறது. எவ்வளவு சரியான சொல்! ஷேக்ஸ்பியரின் 'ஒத்தெல்லோ' நாடகத்தில் டெஸ்டிமோனாவும், பிளவுபட்டு நிற்கும் கணவனையும் அவனுடைய துணைத் தளபதி காசியோவையும் சேர்த்துவைக்கவே இந்த வினையைச் சொல்கிறாள். அன்று இந்த வினைக்கு இரண்டு மனிதர்கள் தேவைப்பட்டார்கள். பிறகு 'ஃபார்' வந்து ஒட்டிக்கொண்டது. செய்த குற்றத்துக்கு விலை கொடுப்பது என்று பொருள் நகர்ந்தது. பாதிக்கப்பட்டவர் வாக்கியத்திலிருந்தே வெளியேறிவிட்டார்.

இதனால் என்ன ஆகும் என்பதை என் அப்பாவிடம் பார்த்தேன். கிணற்றுப் பங்கில் பெரியப்பாவுக்கு அவர் செய்தது அநியாயம்; அவருக்கே அது தெரியும். அறுப்பின் பண்டிகைதோறும் கோயிலுக்கு நெல் மூட்டை அனுப்பினார். இரண்டு தெரு தள்ளியிருந்த அண்ணன் வீட்டுக்குப் போகவில்லை. அண்ணனுக்குச் சேர வேண்டியதைக் கடவுளிடம் செலுத்தினால் கணக்கு தீருமா? தீராது என்றே நான் நம்புகிறேன்.

இதில் யூதர்களின் மரபு கறாரானது. மனிதன் கடவுளுக்குச் செய்த பிழையை யோம் கிப்பூர் என்னும் பாவநிவிர்த்தி நாள் நீக்கும். சக மனிதனுக்குச் செய்ததை, அவனைச் சமாதானப்படுத்தும்வரை அந்த நாளும் நீக்காது என்கிறது அவர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா. பன்னிரண்டாம் நூற்றாண்டில் யூத அறிஞர் மைமோனிடிஸ் இன்னும் நுணுக்கமாக விதித்தார். அவன் மன்னிக்க மறுத்தால் மூன்று பேரை அழைத்துக்கொண்டு போய்க் கேள். மறுபடியும் மறுத்தால் மறுபடியும் போ. அவன் இறந்திருந்தால் பத்துப் பேரைக் கல்லறைக்கு அழைத்துப் போய், அவர்கள் முன்னால் குற்றத்தை ஒப்புக்கொள். பணம் தர வேண்டியிருந்தால் வாரிசுகளிடம் கொடு. செத்தவனிடம் எப்படிக் கேட்பது என்ற சாக்குக்குக்கூட அவர் இடம் வைக்கவில்லை.

அப்பா காலமான பிறகு அந்தப் பங்கைப் பெரியப்பா பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுத்தோம். அப்பாவின் ஆத்துமா சாந்தியடைந்திருக்கும் என்றார்கள் உறவினர்கள். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. நாங்கள் அடைத்தது கடனை. அண்ணனிடம் போயிருக்க வேண்டியவர் அப்பா.