தோட்டத்தின் ஓரம்



மடத்துத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்ட சகோதரரிடம் அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் ஒன்று சொல்லி வைத்திருந்தார். இடம் முழுவதையும் கீரைக்கும் காய்க்கும் கொத்திவிட வேண்டாம், ஒரு பகுதியை அப்படியே விடுங்கள், அங்கே காட்டுப் புல்லும் பூவும் தம் போக்கில் முளைக்கட்டும் என்று. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் எழுதிய ‘இறைவா உமக்கே புகழ்’ திருமடலிலும் இந்தச் செய்தி வருகிறது. அந்தப் புனிதருக்கு இன்று, அக்டோபர் 4, விழா. இன்னும் இரண்டு வாரத்தில் ஐப்பசி பிறந்துவிடும். இந்தச் சிவகங்கைச் சீமையில் குச்சியை ஊன்ற அதைவிட நல்ல நேரம் கிடையாது. ஆகவே இன்றைய மறையுரை செடி கொடியைப் பற்றி. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பங்குக்கு வந்த புதிதில் பங்கு இல்லத்து முற்றத்தில் புல்தரை போட்டேன். கரையோரம் கிரோட்டன்ஸ் தொட்டிகள். எதிர்வீட்டு அம்மா குடத்தோடு தண்ணீர் லாரிக்குக் காத்து நிற்பார். நான் புல்லுக்குக் குழாய் பிடித்துக்கொண்டு நிற்பேன். பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டியது, உங்கள் முன்னாலேயே சொல்லிவிட்டேன்.

அதே வருடம் கொல்லைக் கறிவேப்பிலையில் புழு விழுந்தது. சிறிதாக இருக்கும்போது காக்கை எச்சம் போல் இருக்கும், வளர்ந்தால் பச்சை. தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை போல் ஒன்றை நீட்டி நாற்றம் விடும். நான் மருந்து வாங்கி அடித்துவிட்டேன். நம் கோயில்பிள்ளைத் தாத்தா வந்து பார்த்து, “சாமி, அது வண்ணாத்திப்பூச்சி ஆகியிருக்கும் சாமி” என்றார். அவ்வளவுதான் சொன்னார். அன்று முழுக்க எனக்கு மனசு சரியில்லை.

என் கிரோட்டன்ஸ் இலையில் மட்டும் ஒரு ஓட்டைகூட விழுந்ததில்லை. அதைப் பெருமையாகவே நினைத்திருந்தேன். யோசித்துப் பாருங்கள்: கலியாண வீட்டில் பந்தி முடிந்து எச்சில் இலை கிடந்தால் யாராவது நட்டம் என்பார்களா? வந்தவர்கள் சாப்பிட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். இலை சுத்தமாகவே கிடந்தால்தான் வீட்டுக்காரர் வருத்தப்பட வேண்டும். லேவியர் நூலின் 19ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் இஸ்ரயேலுக்குக் கொடுத்த கட்டளையும் இதுவே. அறுவடையில் வயலின் ஓரத்தை அறுக்காதே, சிந்தியதைப் பொறுக்காதே. அது ஏழைக்கும் அந்நியனுக்கும் உரியது. உன் நிலம்தான், ஆனாலும் ஓரம் உன்னுடையது அல்ல.

அந்த ஓரத்தில் எதை வைப்பது? இந்த மண்ணில் முன்பே பந்தி போட்டுப் பழகிய செடிகளை வையுங்கள். எருக்கைக் களை என்று பிடுங்குகிறோம். பால் நஞ்சுதான், ஆனால் அந்த நஞ்சையே தின்று வளர்ந்து, அதையே உடம்பில் கவசமாக வைத்துக்கொள்ளும் வண்ணத்துப்பூச்சி உண்டு. கறுப்பும் சிவப்புமாகப் பறக்கும் இன்னொன்று ஈஸ்வரமூலிக் கொடி இருக்கும் இடம் தேடி முட்டை வைக்கும். அந்தக் கொடி இல்லாத ஊரில் அது எங்கே போகும்? வேலிக்கு ஆடாதோடை, பெயரே சொல்கிறது, ஆடு தொடாது. நொச்சி நட்டால் கொசுவுக்குப் புகையும் ஆச்சு, சளிக்கு ஆவியும் ஆச்சு. ஆவாரை தண்ணீரே கேட்காமல் மஞ்சளாகப் பூத்து நிற்கும். கம்பி வேலியில் பிரண்டையும் கோவைக்கொடியும் ஏறட்டும்: பிரண்டையின் துவையல் உங்களுக்கு, கோவைப்பழம் கிளிக்கும் குயிலுக்கும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், யாரும் திரித்துக்கொள்ள வேண்டாம். வெளியூரிலிருந்து வந்ததெல்லாம் கெட்டது என்று நான் சொல்லவில்லை. நம் குழம்பில் கிடக்கும் மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்தது. வந்து, மற்றவர்களோடு இருந்துகொண்டது. உண்ணிச்செடி அப்படி இல்லை. 1800களின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு அழகுக்காக வந்தது, இன்று முதுமலைக் காட்டில் புல் முளைக்க வேண்டிய பல இடங்களைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. சீமைக்கருவேலம் நம் கண்மாய்களை என்ன செய்திருக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குற்றம் எங்கிருந்து வந்தது என்பதில் இல்லை; ஓரத்தில் ஒருவரையும் உட்கார விடாததில் இருக்கிறது. இதை மனிதர்கள்மேல் போட்டு, “வந்தேறிகள்” என்று பேசுகிறவர்கள் லேவியர் 19ஐ இன்னொரு முறை படியுங்கள். அந்நியனுக்கும்தான் அந்த ஓரம்.

செங்காந்தளைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் மாநிலப் பூ. விவசாயிகள் கண்வலிக்கிழங்கு என்பார்கள், கலப்பை வடிவில் இருப்பதால் கலப்பைக் கிழங்கு என்றும் சொல்வார்கள். மழைக்குத் தளிர்த்து, இலை நுனியையே சுருட்டிக் கொழுகொம்பாக்கி வேலியில் ஏறும். பூ மஞ்சளாக விரிந்து நாளாக நாளாகச் சிவக்கும். பிறகு தண்டு காய்ந்து மேலே ஒன்றுமே இருக்காது. முதல் வருடம் நான் செத்துப்போயிற்று என்று எண்ணி, அந்த இடத்தைக் கொத்தி மிளகாய் நாற்று வைக்க மண்வெட்டியோடு போனேன். தாத்தாதான் கையைப் பிடித்தார். “உள்ளே இருக்கு சாமி.” கிழங்கு மண்ணுக்குள் கோடையைக் கழித்துக்கொண்டிருந்தது. அடுத்த மழைக்கு வந்தது. இறந்தவராகவே தேடி வந்த மகதலா மரியாவும், கல்லறையருகே உயிர்த்து நின்ற ஆண்டவரைத் தோட்டக்காரர் என்றுதானே நினைத்தார்!

திருப்பலி முடிந்ததும் கெபிக்குப் பின்னால் வாருங்கள். நொச்சியும் ஆடாதோடையும் குச்சி வெட்டி, ஈரச் சாக்கில் சுற்றி வைத்திருக்கிறோம், வீட்டுக்கு இரண்டு. பிரண்டைக்குக் கணு இருக்கும்படி பார்த்து எடுங்கள். காந்தள் கிழங்கு கொஞ்சம்தான் இருக்கிறது. உடம்பெல்லாம் நஞ்சு அதற்கு, கிழங்கில் இன்னும் கொடியது. தவழும் பிள்ளை இருக்கும் வீட்டார் கேட்க வேண்டாம், கேட்டாலும் தாத்தா கொடுக்க மாட்டார்.