நீலம் யாருடையது?

செம்பு சல்பேட்டான மயில்துத்தத்தைச் சோதனைக் குழாயில் இட்டுச் சூடுகாட்டினால் நீலம் போய் வெள்ளைப் பொடியாகிவிடும். ஆறவிட்டு ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் நீலம் திரும்பும். குழாய் கையில் சுடும். வேதியியல் டீச்சராக இருந்த காலமெல்லாம் இதைச் செய்து காட்டினேன். காலையில் பருத்தி எடுத்துவிட்டு, காய் கீறிய விரல்களோடு வகுப்புக்கு வந்த பிள்ளை ஒருத்தி கேட்டாள்: "டீச்சர், அந்த நீலம் செம்புல இருந்துச்சா, தண்ணியில இருந்துச்சா?"

இரண்டிலும் இல்லை என்றேன். பிறகு எங்கே என்று யோசித்துக்கொண்டே அய்யா இருந்த பாஞ்சாலங்குறிச்சிக்கு பஸ் ஏறினேன்.

அய்யா சாயங்காலம் வீரசக்கதேவி கோயிலுக்குப் போய்வந்து திண்ணையில் சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தோடு உட்காருவார். அதில் மெய்கண்டாரின் 12 சூத்திரமும் மனப்பாடம். பிள்ளையின் கேள்வியைச் சொன்னேன். "இதுல என்ன தாயி, உயிரும் படிகம் மாதிரிதான். பக்கத்துல செம்பருத்திய வச்சா சிவப்பாத் தெரியும். எதச் சாருதோ அதோட வண்ணம்."

எனக்கு அது போதவில்லை. செம்பருத்திக்கு நிறம் முன்பே இருக்கிறது. படிகம் கடன் வாங்குகிறது. தண்ணீருக்கு ஏது நீலம்?

1929இல் இயற்பியலாளர் பெத்தே சொன்ன படிகப் புலக் கொள்கை இதற்கு வழி காட்டுகிறது. தனித்த செம்பு அயனியில் எலக்ட்ரான்கள் உலவும் ஐந்து டி ஆர்பிட்டால்களுக்கும் ஒரே ஆற்றல். அயனியோடு பிணையும் தண்ணீர், சல்பேட் போன்ற ஈனிகள் சூழ்ந்ததும் அந்த ஆர்பிட்டால்கள் மேலும் கீழுமாகப் பிரியும். அந்த இடைவெளிக்குப் பொருந்தும் ஒளியைச் செம்பு விழுங்க, மீந்தது நிறமாகும். தண்ணீர் போய் சல்பேட் மட்டும் சூழ்ந்தால் இடைவெளி சுருங்கி, விழுங்கும் ஒளி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக்குப் போய்விடும். அம்மோனியா சூழ்ந்தால் இடைவெளி விரிந்து கருநீலம். செம்பு அதே செம்பு.

ஆனால் பெத்தேயின் கணக்கில் ஈனிகள் வெறும் மின்சுமைப் புள்ளிகள். கார்பன் மோனாக்சைடுக்கு நிகர மின்சுமையே இல்லை. அதன் பிடியோ, ரத்தத்து இரும்பிலிருந்து ஆக்சிஜனைத் தள்ளி ஆளைக் கொல்லும். தன் எலக்ட்ரான் இணையை உலோகத்துக்குக் கொடுக்கிறது, உலோகத்திடமிருந்தும் வாங்குகிறது. எங்கள் பக்கம் கொள்வினை கொடுப்பினை என்போமே, அப்படி. பின்னால் வந்த ஈனிப் புலக் கொள்கையில் இரு பக்கத்து ஆர்பிட்டால்களும் கலந்து பொதுவாகின்றன. ஆனாலும் ஒன்றில் உலோகச் சாயல் கூடுதல், இன்னொன்றில் ஈனிச் சாயல்.

இதைச் சொன்னதும் அய்யா நிமிர்ந்து உட்கார்ந்தார். மெய்கண்டார் அத்துவிதம் என்றது ஒரே பொருள் என்றல்ல, பிரியாமல் நிற்பது என்றார்.

எங்கள் வழக்கும் அங்கேதான் தொடங்கியது. சித்தாந்தத்தில் உயிர் சார்ந்து மாறும், பதியான சிவம் மாறாது. மயில்துத்தத்தில் தண்ணீரும் மாறுகிறது. செம்போடு அணைந்த தண்ணீர் தன் புரோட்டானைச் சுலபமாக விட்டுவிடும். அந்தக் கரைசல் நீல லிட்மஸைச் சிவப்பாக்குவது அதனால்தான். தான் மாறாமல் கொடுக்கும் ஒன்றை என் பாடத்தில் நான் கண்டதில்லை.

"செம்பும் தண்ணியும் ரெண்டுமே சடம், பாசந்தான், தாயி. பதியை அந்தக் குழாய்க்குள்ள தேடாத" என்றார் அய்யா.

நீலம் அணைவில் இருக்கிறது என்று மறுநாள் அந்தப் பிள்ளையிடம் சொல்லிவிட்டேன். அய்யா போன பிறகும் குழாய்க்குள் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.