ஆவும் கன்றும்: அன்பும் அறிவும்

எம்பெருமானின் கல்யாண குணங்களை எண்ணும்போது வாத்ஸல்யத்தைப் பெரியோர் தனியே எடுத்துப் போற்றுவர். வத்ஸம் என்றால் கன்று. அன்று ஈன்ற கன்றின் உடம்பில் ஒட்டியுள்ள அழுக்கைத் தாய்ப்பசு அருவருக்காமல், அதுவே தனக்கு இனிய உணவு என்பதுபோல நக்கி எடுக்கிறதே, அந்த அன்புக்கு இட்ட பெயரே வாத்ஸல்யம். அடியார்களின் குற்றத்தையும் குணமாகக் கொள்ளும் திருவுள்ளத்துக்கு உவமை தேடிய ஆசாரியர்கள் மலையையோ கடலையோ நாடாமல் மாட்டுத் தொழுவத்துக்கு வந்தார்கள் என்பது எண்ணி இன்புறத்தக்கது.

அந்த நக்குதலில் அன்பு மட்டும் இல்லை. ஈரத்தோடு பிறந்த கன்று அதனால் விரைவில் உலர்கிறது. சொரசொரப்பான நாவின் உராய்வால் தோலின் கீழ் இரத்தம் ஓடுகிறது, மூச்சு சீராகிறது, கன்று தள்ளாடி எழுந்து மடியைத் தேடுகிறது. தாயும் தன் கன்றின் மணத்தை அறிந்துகொள்கிறது. பசு எந்த நூலையும் கற்றதில்லை. அதன் அன்பும் அதன் செய்கையும் ஒன்றாகவே பிறந்தவை. மனிதனுக்கு இந்தப் பேறு வாய்க்கவில்லை. அவனுடைய அன்பு ஒரு திசையிலும், செய்கையின் பயன் வேறு திசையிலும் போவதுண்டு. பசுவைத் தெய்வமாகக் கொண்டாடும் நாட்டிலேயே இது நாள்தோறும் நிகழ்கிறது.

ஆகவே ஒரு கேள்வி எழுகிறது. அன்போடும் பக்தியோடும் செய்த செயல் ஒரு வாயில்லா உயிருக்குத் தீங்காய் முடிந்தால், செய்தவனுக்குக் குற்றம் உண்டா? ‘அறியாமல் செய்தான், உள்ளம் தூயது, ஆகவே குற்றமில்லை’ என்பர் ஒரு சாரார். இலையோ பூவோ, பழமோ நீரோ, அன்போடு கொடுத்தால் ஏற்பதாகக் கீதையில் கண்ணன் சொல்லியிருப்பதையும் துணைக்கு அழைப்பர். அழகிய வாதம், ஆனால் இடம் மாறிய வாதம். கொடுப்பவனின் உள்ளத்தை மட்டும் பார்த்து எதையும் ஏற்றுக்கொள்வது பகவானால் ஆகும். பசுவின் வயிற்றால் ஆகாது.

திருவிழாக் காலத்தில் கோவில் வாசல்களில் காணும் காட்சியையே எடுத்துக்கொள்ளலாம். தொன்னையில் வாங்கிய சர்க்கரைப் பொங்கலில் பாதியை உண்டு, மீதியைப் பசுவின் வாயில் கொடுத்து, நெற்றியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் அன்பர்கள் பலர். ஒருவர் கொடுப்பது ஒரு பிடி. ஆனால் நூறு பேர் கொடுக்கிறார்கள். பசுவின் வயிறு நான்கு அறைகளை உடையது. அவற்றுள் பெரியது நூறு லிட்டருக்கும் மேல் கொள்ளத்தக்க ஒரு புளிப்புப் பானை போன்றது. அங்கே வாழும் கோடானுகோடி நுண்ணுயிர்களே புல்லையும் வைக்கோலையும் சிதைத்துப் பசுவுக்கு உணவாக்கித் தருகின்றன. அந்த உயிர்கள் நார்த்தீவனத்துக்குப் பழகியவை. சோறும் வெல்லமும் ஒரே பொழுதில் மிகுதியாக வந்து விழுந்தால், புளிப்பை உண்டாக்கும் வேறு உயிர்கள் திடீரெனப் பெருகிப் பானை முழுவதும் அமிலமாகிவிடுகிறது. உடம்பிலுள்ள நீர் வயிற்றுக்குள் இழுக்கப்படுகிறது. பசு அசைபோடுவதை நிறுத்துகிறது, புளித்த நாற்றத்தோடு கழிகிறது, காதுகள் குளிர்ந்துபோகின்றன, படுத்தால் எழுவதில்லை. ஓரிரு நாளில் உயிரே போவதும் உண்டு. சர்க்கரைப் பொங்கல் மனிதருக்கே அளவோடுதான் நல்லது; பசுவுக்கோ அது பிரசாதமாகவே இருந்தாலும் பொங்கல்தான்.

உணவை முடிந்து எறியும் பை இதனினும் கொடியது. மாடு உதட்டால் தேர்ந்து எடுக்கும் பிராணி அன்று. நாவால் வளைத்து இழுத்து விழுங்கிவிட்டுப் பிறகே அசைபோடும். பழத்தோலோடு பையும் உள்ளே போகிறது. உள்ளே போனது செரிக்காது, வெளியேறாது. கயிறாகத் திரிந்து பந்தாகக் கட்டிக்கொள்ளும். 2019-ஆம் ஆண்டு சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஒரு பசுவின் வயிற்றைத் திறந்தபோது 52 கிலோ பிளாஸ்டிக் எடுக்கப்பட்டது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை வந்ததும் அதே 2019-இல்தான். 52 கிலோ எடையை வயிற்றில் சுமந்த அந்தப் பசுவுக்கும் வழியில் எத்தனையோ பேர் கும்பிடு போட்டிருப்பார்கள்.

கோவர்த்தன மலைக்கு வழிபாடு செய்யும்படி ஆயர்களைக் கண்ணன் தூண்டிய வரலாற்றைப் பாகவதம் கூறும். அங்கே அவன் காட்டிய காரணம் கவனிக்கத்தக்கது. ஆயர்களுக்கு வாழ்வு பசுக்கள். பசுக்களுக்கு வாழ்வு மலையும் காடும் தரும் புல்லும் நீரும். வழிபாடு கூட மேய்ச்சலின் கணக்கை ஒட்டியே அமைந்தது! பாலில் ஏறத்தாழ நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர். கறக்கும் ஒவ்வொரு லிட்டர் பாலுக்கும் பசு நான்கைந்து லிட்டர் தண்ணீர் குடித்தாக வேண்டும். கோடையில் இன்னும் மிகுதி. காலையிலும் மாலையிலும் மட்டும் தொட்டியில் நீர் காட்டுவது பல வீடுகளின் வழக்கம். பிண்ணாக்குக்கும் தவிட்டுக்கும் செலவிடுகிறவர்கள், காசில்லாத தண்ணீரில் சிக்கனம் பிடிக்கிறார்கள் என்பது வியப்பே.

அறியாமை செய்யும் தீங்குகளில் மிகப் பெரியது கன்று பிறந்த முதல் சில மணி நேரத்தில் நிகழ்கிறது. பசு ஈன்றபின் இளங்கொடி விழும்வரை கன்றைப் பால் குடிக்க விடலாகாது என்ற எண்ணம் பல ஊர்களில் இன்றும் உள்ளது. குடித்தால் கொடி விழாது என்பர். கன்றுக்குக் கழிச்சல் வரும் என்பர். கொடி விழுவதற்கு எட்டு மணி முதல் பன்னிரண்டு மணி நேரம் ஆவது இயல்பு. அதுவரை கன்று பசியோடு கிடக்கும். கொடி விழுந்ததும் அதை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டிவிட்டு வந்து, அதன்பின் கன்றை அவிழ்ப்பார்கள்.

உண்மை இதற்கு நேர் எதிரானது. கருவில் இருக்கும்போது மனிதக் குழந்தைக்குத் தாயின் இரத்தத்திலிருந்தே நோயை எதிர்க்கும் சத்து சேர்ந்துவிடுகிறது. பசுவின் கருப்பை அமைப்பு வேறு; அந்தச் சத்து கன்றுக்குக் கடந்து வருவதில்லை. கன்று ஏறத்தாழ வெறுங்கையோடுதான் பூமிக்கு வருகிறது. அதற்கு உரிய காப்பு முழுவதும் சீம்பாலில் வைக்கப்பட்டிருக்கிறது. அதை அப்படியே உறிஞ்சும் வாசல் கன்றின் குடலில் பிறந்தவுடன் அகலத் திறந்திருந்து, மணிக்கு மணி குறுகி, ஒரு நாளுக்குள் மூடிக்கொள்கிறது. மறுநாள் குடம் குடமாகக் குடித்தாலும் விட்டது விட்டதுதான். பிறந்த ஓரிரு மணி நேரத்துக்குள் முதல் சீம்பாலும், முதல் நாளுக்குள் கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கேனும், அதாவது 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டராவது, உள்ளே போக வேண்டும். மேலும் கன்று முட்டி ஊட்டும்போது தாயின் உடம்பில் சுரக்கும் சுரப்பே கருப்பையைச் சுருக்கிக் கொடி விழத் துணை செய்கிறது. கன்றைத் தடுப்பவர்கள், தாங்கள் எதை விரும்பினார்களோ அதையே தாமதப்படுத்துகிறார்கள். இரண்டு வாரத்தில் கன்று கழிந்து இறந்தால், விதி என்றும் கண்ணேறு என்றும் ஆறுதல் கொள்வர். சீம்பாலைக் காய்ச்சி அக்கம்பக்கத்துக்குக் கொடுக்கும் வழக்கமும் உண்டு. கலப்பினப் பசுவிடம் கன்றின் தேவைக்கு மிஞ்சியே சீம்பால் இருக்கும். கன்று வயிறாரக் குடித்தபின் மிஞ்சியதைக் கொடுப்பதில் தடையில்லை.

இங்கே கேள்வி சற்றுக் கூர்மையாகிறது. தாத்தா காலத்தில் இதைச் சொல்ல ஆள் இல்லை. இன்று ஊருக்கு அருகில் கால்நடை மருந்தகம் இருக்கிறது. 1962 என்ற எண்ணுக்குப் பேசினால் மருத்துவ ஊர்தி வருகிறது. அறியும் வழி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, அறியாமல் இருப்பதும் ஒரு செய்கையே. வைணவம் உயிருக்கும் இறைவனுக்கும் சொல்லும் ஒன்பது வகை உறவுகளுள் காப்பவன், காக்கப்படுபவன் என்பதும் ஒன்று. கயிற்றால் கட்டி, வேறெங்கும் சென்று மேய முடியாதபடி செய்தபின், தொழுவத்தின் அளவில் காப்பவன் என்னும் பெயர் மனிதன்மேல் விழுந்துவிடுகிறது. கட்டாதவனுக்கு இல்லாத கடமை கட்டியவனுக்கு உண்டு.

அறியாமையால் வரும் தீங்கைத் திருத்திவிடலாம்; அறிந்தே செய்வதற்கு என்ன சொல்வது? கன்று இறந்தபின் அதன் தோலில் வைக்கோலை அடைத்துத் தாயின் முன் நிறுத்திப் பால் கறக்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. எந்த நாவின் அன்புக்கு வாத்ஸல்யம் என்று பெயரிட்டார்களோ, அந்த நா பொய்க் கன்றை நக்கிக் கொண்டிருக்கும். பிற்காலத்தில் அந்த இடத்துக்கு ஊசி வந்தது. பால் சுரக்கச் செய்வதற்காகப் பசுவின் உடல் நலத்துக்குக் கேடான மருந்தை ஏற்றுவதை 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. கன்றை உயிரோடு வளர்த்திருந்தால் இரண்டுக்கும் தேவையே இராது. தொப்புளை அயோடினில் நனைப்பது, பத்துப் பதினைந்தாம் நாளிலேயே குடற்புழு மருந்து கொடுப்பது, ஈரமில்லாத படுக்கை: கன்று பிழைப்பதற்கு இவ்வளவுதான் வேண்டும். தாய்ப்பால் வழியாகவே புழு கன்றுக்குள் வருவதால் அந்த முதல் மருந்தைத் தள்ளிப்போடலாகாது.

ஆனால் காளைக்கன்றின் கதை வேறு. உழவுக்கு எந்திரம் வந்தபின் அதற்கு வேலையில்லை; விற்றால் விலையில்லை. கிடாரிக்கன்றுக்கு இரண்டு காம்பு விடுகிறவர் காளைக்கன்றை வெறும் மடியில் முட்டவிட்டுக் கட்டுகிறார். அது மெலிந்து மெலிந்து ஒரு நாள் எழாமல் போகிறது. யாரும் கொன்றதாகக் கணக்கில்லை. பத்தில் ஒன்பது கிடாரியாகவே பிறக்கச் செய்யும் பிரித்தெடுத்த விந்து இன்று கிடைக்கிறது. வருங்காலத்தில் இக்கேள்வியின் கூர்மையை அது மழுக்கக்கூடும். பிறந்துவிட்ட காளைக்கன்றுக்கு அது விடையாகாது. பாலை விற்றுப் பிழைக்கும் ஏழையிடம் ‘முழுப் பாலையும் கன்றுக்கு விடு’ என்று சொல்லும் உரிமை, பாலை மட்டும் வாங்கிக் குடிப்பவருக்கு இல்லை. ஆயினும் முதல் மூன்று நாள் சீம்பாலும், அதன்பின் உயிர் வளரும் அளவு பாலும் அதற்கு உரியவை என்பதைக் குறைக்க எந்தக் கணக்கும் இடம் தராது.

மந்தையாகச் சேர்த்து வளர்க்கும் இடத்தில் ஒரு மாட்டின் நலம் மற்ற மாடுகளின் நலத்தோடு பிணைந்தது. வெக்கை நோய் என்று சொன்னாலே ஊர் நடுங்கிய காலம் ஒன்று இருந்தது. வந்தால் தொழுவமே காலியாகும். தலைமுறைகள் தோறும் ஊசி போட்டு 2011-இல் அது உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. மனிதருக்கு வந்த பெரியம்மைக்குப் பின் அப்படி அடியோடு அழிந்த நோய் இது ஒன்றே. கோமாரிக்கும் கன்று வீச்சு நோய்க்கும் எதிரான நாடு தழுவிய தடுப்பூசித் திட்டம் 2019 செப்டம்பரில் கண்ணன் பிறந்த மதுராவிலேயே தொடங்கப்பட்டது பொருத்தமே. ஆனால் கோமாரி ஊசி ஆண்டுக்கு இருமுறை போட்டாக வேண்டும். ‘கறவை குறையும்’ என்று ஒருவர் தம் மாட்டை மறைத்து வைத்தால், அந்த ஓட்டை வழியாக நோய் தெருவுக்கே வரும்.

கோசாலைக்குப் பசுவைத் தானம் செய்ய விரும்பும் அன்பர்கள் இதை எண்ண வேண்டும். புதிதாக வரும் மாட்டை மூன்று நான்கு வாரம் தனியே கட்டிக் கவனித்த பின்னரே மந்தையில் சேர்ப்பது முறை. திருவிழா நாளில் மாலையிட்டு ஓட்டிவந்து நேரே உள்ளே விடுவது, ஒரு புண்ணியத்துக்காக நாற்பது மாடுகளைப் பணயம் வைப்பதாகும். தானமாக வருவது எந்த மாடு என்பதும் கேள்வியே. கடோபநிஷத்தின் தொடக்கத்தில், பால் வற்றிப் புல்லும் நீரும் கொள்ள வலியற்றுப்போன பசுக்களைத் தந்தை தானமாகக் கொடுப்பதைக் கண்டு நசிகேதஸ் என்னும் சிறுவன் மனம் நொந்தான். அந்த நோவிலிருந்துதான் அவ்வளவு பெரிய தத்துவ விசாரணையும் தொடங்கியது. கிழப்பசுவைக் கோசாலையில் விடலாகாது என்பதில்லை. அதன் ஆயுள் முழுவதற்கும் தீவனச் செலவைச் சேர்த்துக் கொடுத்தால் அது தானம். வெறுமனே விட்டுச் செல்வது சுமையை இறக்கி வைப்பது. மாடு கொடுக்க இயலாதவர்கள் ஒரு கட்டுச் சோளத்தட்டை, ஒரு பாரம் வைக்கோல், தொட்டி கழுவும் ஆளுக்கு ஒரு நாள் கூலி கொடுத்தாலும் போதும். அகத்திக்கீரையும் நல்லதே, அதைப் பசுவின் வாயில் திணிக்காமல், வேளை அறிந்து கொடுக்கும் ஊழியரிடம் ஒப்படைத்தால் வயிற்று உப்புசம் வராது.

ஈற்றுக்கு இரண்டு மாதம் முன்பே கறவையை நிறுத்திப் பசுவுக்கு ஓய்வு தருவதும், கட்டைவிரலை மடக்கிக் காம்பை நசுக்காமல் முழுக்கையால் கறப்பதும், கறக்குமுன் மடியைக் கழுவித் துடைப்பதும் ஆகிய இவற்றில் காசுச் செலவு ஏதுமில்லை. கறந்து முடிந்ததும் காம்பின் துளை ஏறத்தாழ அரை மணி நேரம் திறந்தே இருக்கும். அதற்குள் பசு சாணத்தில் படுத்தால் கிருமி உள்ளே ஏறி மடிநோய் பிடிக்கும். அதை அடித்து நிறுத்தி வைக்க வேண்டியதில்லை. கறந்த உடனே முன்னே கொஞ்சம் பசும்புல்லைப் போட்டால் நின்றபடியே தின்றுகொண்டிருக்கும். கன்றும் பக்கத்தில் நிற்கும். காம்பின் வாய் அதற்குள் தானாக மூடிக்கொள்ளும்.